காற்றை உண்ணும் உயிரா பச்சோந்தி?

கொள்கை மாறுவோனைப் பச்சோந்தி என்று ஏசுவது நம்மவர் வழக்கம். மேடைப் பேச்சிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் இச்சொல் அடிபடாத நாள் அரிது. ஆயினும், இவ்வாறு வைகின்றவர்களுள் ஒருவரை நிறுத்தி, "ஐயா, அந்தப் பச்சோந்தி எதனை உண்டு உயிர் வாழ்கின்றது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலார் விழிப்பர். பெயரை அறிந்து உயிரை அறியாதிருத்தல் மொழி கற்பார்க்கு அழகன்று. சொல்லின் பொருளைத் தேடுவோர், அச்சொல் சுட்டும் பொருளையும் ஒருமுறை கண்ணாற் காண வேண்டாவோ? அதிலும், அவ்வுயிரைப் பெட்டியில் அடைத்து வளர்க்க ஆசைகொள்ளும் சிறுவர் நம்மிடையே உள்ளனர். ஆகவே அதன் உணவைப்பற்றிய கேள்வி அதன் உயிரைப்பற்றிய கேள்வியே ஆகின்றது.

பெயரும் புலமை மரபும்

பச்சை, ஓந்தி என்னும் இரண்டும் சேர்ந்து பச்சோந்தி ஆயின. ஓந்தி, ஓதி, ஓணான் என்பன ஒரு குடும்பத்துச் சொற்கள். கோம்பி என்பதும் பழஞ்சொல். நினைத்த வடிவத்தை எடுப்பது என்னும் பொருளிற் காமரூபி என்றும் ஒரு பெயர் வழங்கியதுண்டு.

குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாடிய 140-ஆம் பாட்டில் முதிர்ந்த ஆண் ஓதி ஒன்று வருகின்றது. பாலை வழியிற் செல்லுவோர் அது தங்கியிருக்கும் நிலையை நிமித்தமாகக் கொள்கின்றனர். அதன் முதுகிற்குப் புலவர் காட்டும் உவமை பல் வைத்த அரிவாள். முதுகந்தண்டின்மேல் வரிசையாக நிற்கும் சிறு செதில்களைக் கண்டவர்க்கன்றி இவ்வுவமை தோன்றாது. சங்கச் சான்றோர் உயிர்களை ஏட்டில் அன்றிக் காட்டிற் கண்டவர்கள் என்பதற்கு இஃது ஒரு சான்று. இந்நூலை டாக்டர் உ. வே. சாமிநாதையர் விரிவான உரையோடு 1937-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதே 1937-ஆம் ஆண்டு பச்சோந்தியின் வாழ்விலும் ஒரு குறிப்பிடத்தக்க ஆண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நச்சரவை எதிர்த்துக் கொல்லும் மயிலே கோம்பியைக் கண்டால் விலகி நிற்கும் என்னும் கருத்தைத் திருக்கோவையார் ஆளுகின்றது. பசுத்தானத்திலே நேர்ந்த ஒரு பிழையால் நிருகன் என்னும் அரசன் ஓந்தியாகிப் பாழ்ங்கிணற்றிற் கிடந்து, கண்ணன் கைபட்டு மீண்ட கதையைப் பாகவதம் சொல்லும். இவ்வாறு அச்சத்துக்கும் நிமித்தத்துக்கும் சாபத்துக்கும் இடமாகிய இவ்வுயிரின் உணவைப்பற்றிப் பேசியவர் மிகச் சிலரே.

மேனாட்டார் கொண்ட மயக்கம்

மேனாட்டார் பேசினர், பேசித் தவறினர். கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமப் பேரறிஞர் பிளினி, பச்சோந்தி உண்பதுமில்லை, பருகுவதுமில்லை. காற்று ஒன்றே அதன் உணவு என்று எழுதி வைத்தார். அவருக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்தாத்தில் இவ்வுயிரின் உடலமைப்பை நுணுகி ஆராய்ந்து எழுதியிருந்தார். அவ்வாறிருந்தும் காற்றுணவுக் கதையே உலகில் நின்று நிலவியது. சேக்சுபியரின் அம்லெத்து நாடகத்திலே இளவரசன், தான் பச்சோந்தியைப்போலக் காற்றைத் தின்று வாழ்வதாக அரசனிடம் ஏளனமாகக் கூறுகின்றான். அவையோர் அக்கருத்தை அறிந்திருந்தாலன்றி அவ்வேளனம் சுவைக்காது. 1646-ஆம் ஆண்டிலேயே தோமசு பிறவுண் என்னும் ஆங்கில மருத்துவர், மக்களிடையே வழங்கிய பொய்க் கருத்துக்களைத் தொகுத்து மறுத்த தம் நூலில், இது பூச்சி தின்னும் பிராணியே என்று வாதிட்டார்.

இம்மயக்கம் எங்ஙனம் பிறந்தது? பச்சோந்தி பல நாள் உண்ணாமலும் உயிர் தாங்கும். அதன் நுரையீரல் பைபோல விரியவல்லது. சினங்கொண்டால் காற்றை நிரப்பி உடலைப் பருக்கச் செய்யும். வாயைத் திறந்து அசையாதிருக்கும். நாவோ கண்ணிமைக்கும் நேரத்தினும் குறுகிய காலத்திற் சென்று மீள்வது. ஆகவே பார்த்தவர்க்கு வாய் திறந்தது தெரிந்தது. உணவு புகுந்தது தெரியவில்லை. அதனாற் காற்றை உண்டது என்று முடிவு செய்தனர். கண்ட பாதியைக்கொண்டு காணாத பாதியை முடித்துவிடும் மனித இயல்புக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

நம் வேலியோரத்துப் பச்சோந்தி

இலங்கையின் உண்மைப் பச்சோந்தி இனம் ஒன்றே. 1768-ஆம் ஆண்டில் லோறென்ரி என்னும் ஒசுத்திரிய அறிஞர் அதற்கு இத்தீவின் பெயரையே சூட்டி, கமேலியோ சைலானிக்கசு என்றார். இந்தியப் பெருநிலத்திலும் வாழ்வது இவ்வினமே. நம் நாட்டில் மழை குறைந்த வறண்ட வலயத்துக்கு உரியது. வாலோடு சேர்த்து ஓர் அடிக்குச் சற்று மிகுந்த நீளமுடையது.

நம் ஊர்ப்பிள்ளைகள் நிறம் மாறும் ஓணான் எதனையும் பச்சோந்தி என்று சொல்லிவிடுகின்றனர். அது பிழை. வேலியில் விரைந்தோடித் தலையை ஆட்டிக் கழுத்துச் சிவக்க நிற்பது ஓணான். பச்சோந்தி ஓடாது. காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் அசைந்து ஓரடி எடுத்துவைக்கும். அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக இணைந்து குறடுபோற் கொம்பைப் பற்றும். சுருண்ட வால் ஐந்தாவது கைபோல உதவும். தலையில் தொப்பி கவிழ்த்தாற்போன்ற எலும்பு மேடு உண்டு. இரு கண்களும் தனித்தனியே சுழலும்: ஒன்று முன்னே பார்க்கும்போது மற்றொன்று பின்னே பார்க்கும். இரை கண்ணிற் பட்டால் இரண்டும் அதன்மேற் குவியும். அதன்பின் நா பாயும்.

அந்நாவின் வரலாறு வியப்புக்குரியது. உடல் நீளத்தினும் மிகுந்து நீளும் அது, தசையின் வலிமையால் மட்டும் பாய்வதன்று. நாவின் நடுவே ஓர் எலும்புக்கோல். அதனைச் சுற்றி மீள்தன்மையுள்ள உறைகள். தசை சுருங்கி அவ்வுறைகளை இழுத்து, வில்லில் நாண் ஏற்றுவதுபோல ஆற்றலைச் சேமிக்கின்றது. விடுபட்டதும் அம்பெனப் பாய்கின்றது. நாநுனியிலுள்ள பசைநீர் மனித உமிழ்நீரிலும் ஏறத்தாழ 400 மடங்கு தடிப்புடையது என்று 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று அளந்து கூறியது.

நிறம் மாறுதலைப்பற்றியும் ஒரு சொல். இருக்கும் இடத்தின் நிறத்தைப் பார்த்து அதற்கேற்ப மாறுகின்றது என்பது பொதுமக்கள் நம்பிக்கை. உண்மையில் வெப்பம், ஒளி, அச்சம், சினம், இனச்சேர்க்கை வேட்கை என்பனவே பெரும்பாலும் நிறத்தை மாற்றுகின்றன. மடகாசுக்கரைச் சேர்ந்த ஓரினத்தை ஆராய்ந்த செனீவாப் பல்கலைக்கழகத்தார், தோலின் உயிரணுக்களிலுள்ள நுண்ணிய பளிங்குகள் நெருங்கியும் விலகியும் ஒளியை வேறுபடத் தெறிப்பதே இதன் காரணம் என்று 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே பச்சோந்தி தன் உள்ளத்தை மறைப்பதன்று, வெளிப்படுத்துவது. கொள்கை மாற்றத்தை மறைத்துத் திரிவோர்க்கு அதன் பெயரைச் சூட்டுதல் அவ்வுயிருக்கு நாம் இழைக்கும் வழக்கென்றே சொல்லவேண்டும்.

மடியிற் கட்டிய ஓணான்

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்று வருந்துவானேன் என்பது நம் முதியோர் வாக்கு. பச்சோந்தியைப் பொறுத்தவரை அவ்வாக்கைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மடியில் விட்டவன் வருந்துவதில்லை. மடிக்குள் அகப்பட்ட உயிரே வருந்துகின்றது.

அளவெட்டிப் பகுதியில் மாணவர் சிலர் ஒருமுறை பச்சோந்தி ஒன்றைச் சவர்க்காரப் பெட்டியில் இட்டு வகுப்புக்குக் கொணர்ந்தனர். அன்பிற் குறையில்லை: பெட்டியிற் பூவரசங்குழை இட்டிருந்தனர், சிரட்டையில் நீர் வைத்திருந்தனர், போத்தல் நிறையத் தத்துவெட்டியான்கள் பிடித்து வைத்திருந்தனர். "எங்கே பிடித்தீர்கள்?" என்று வினவினேன். "மிளகாய்த் தோட்டத்தில், ஐயா. நேற்று மருந்தடித்த தோட்டம். அங்கேதான் பூச்சிகள் பறக்கமாட்டாமல் கிடந்தன, பிடிப்பது எளிது" என்றான் ஒருவன். அவ்விடையில் அவ்வுயிரின் விதி முழுவதும் அடங்கியிருந்தது. அவர்கள் முன்னைநாள் மாலையே சிலவற்றை ஊட்டியிருந்தனர். பச்சோந்தி நிறம் கறுத்து, பிடி தளர்ந்து, வாலைச் சுருட்டவும் மாட்டாமற் கிடந்தது. நண்பகலில் இறந்தது.

அம்மாணவர்களைக் கடிந்து பயனில்லை. எளிதிற் பிடிபடும் பூச்சி ஏன் எளிதிற் பிடிபடுகின்றது என்று எண்ணிப்பார்க்க அவர்களுக்கு எவரும் கற்பித்திலர். அதனைக் கற்பித்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பூச்சியிலும் நன்று தீது உண்டு

காட்டில் வாழும் பச்சோந்தி ஒரே வகை இரையை உண்பதில்லை. வெட்டுக்கிளி, இலையான், வண்ணாத்திப்பூச்சி, மயிர் இல்லாப் புழு, கும்பிடுபூச்சி, வண்டு எனப் பலவும் அதற்கு உணவாகும். அப்பூச்சிகள் தின்ற பலவகைத் தழைகளின் சத்தும் அதன் உடலிற் சேரும். இரையின் வயிற்றில் இருப்பதும் இரையே. மேனாடுகளிற் பச்சோந்தி வளர்ப்போர் கடையில் வாங்கும் சுவர்க்கோழிகளுக்கு முதலிற் கீரையும் கரட்டும் ஊட்டிய பின்பே அவற்றை இரையாகக் கொடுக்கும் வழக்கம் இதனைக்கொண்டே எழுந்தது.

பூச்சிகளின் உடலிற் கல்சியம் குறைவு, பொசுபரசு மிகுதி. ஒரே வகைப் பூச்சியை நாளும் ஊட்டினால் பச்சோந்தியின் எலும்பு மெலிந்து வளையும். வெயிலில் உள்ள புறவூதாக் கதிர் தோலிற் பட்டாலன்றி விற்றமின் டி உண்டாகாது. அஃது உண்டாகாவிடின் உண்ட கல்சியமும் உடம்பில் ஒட்டாது. நிழலறையில் வைத்த பெட்டிக்குள் எத்துணைப் பூச்சியைச் சொரிந்தாலும் பயன் குறைவு. நீரும் அவ்வாறே. பச்சோந்தி சிரட்டையில் நிற்கும் நீரை நீரென்று அறிவதில்லை. இலையில் ஒளிரும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கியே பருகும். நீர் நிறைந்த பாத்திரத்தின் அருகே விடாய்த்து இறப்பதும் நிகழக்கூடும்.

இனி, காட்டுப் பூச்சிகளுள் நஞ்சுடையன பல. எருக்கிலையைத் தின்று வளரும் வண்ணாத்திப்பூச்சியின் புழு, எருக்கம்பாலிலுள்ள நஞ்சைத் தன்னுடலிற் சேமித்து வைக்கின்றது. அந்நஞ்சு நெஞ்சாங்குலையைத் தாக்குவது. அப்பூச்சியின் செம்மஞ்சள் நிறமும் கரும்புள்ளியும் "என்னைத் தின்னாதே" என்று இயற்கை எழுதிய அறிவிப்புப் பலகை. கிலுகிலுப்பைச் செடியைத் தின்னும் புழுக்களிலும் நச்சுப்பொருள் உண்டு. கொப்புள வண்டுகளின் குருதி பட்டால் மனிதர் தோலே கொப்புளிக்கும். அவற்றை விழுங்கிய சிற்றுயிரின் குடல் என்னாகும்?

மின்மினியின் வரலாறு மிகக் கொடியது. அமெரிக்காவில் வீட்டில் வளர்த்த அவுத்திரேலிய ஓணான் இனமொன்றுக்கு அன்பர் சிலர் தோட்டத்து மின்மினிகளை ஊட்டினர். அவை சிறிது நேரத்தில் வாயைப் பிளந்து, நிறம் கறுத்து இறந்தன. அவ்வூர் மின்மினியின் உடலில் தேரையின் நஞ்சை ஒத்த பொருள் உண்டென்றும், ஒன்றிரண்டே ஓருயிரைக் கொல்லப் போதும் என்றும் 1999-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு எச்சரித்தது. அந்நாட்டு ஓணான்களுக்கு மின்மினி நஞ்சென்பது பிறவியிலேயே தெரிந்திருத்தல் கூடும். வேற்று நாட்டிலிருந்து வந்த உயிருக்கு அவ்வறிவு எங்ஙனம் வரும்?

இச்செய்தி நமக்கு எதற்கு என்று எண்ணற்க. இன்று நம்மவர் பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வளர்கின்றனர். அங்கே ஏமன் நாட்டுப் பச்சோந்தியும் மடகாசுக்கர்ப் பச்சோந்தியும் கூட்டிலேயே இனம் பெருக்கி விற்கப்படுகின்றன. கோடை வந்ததும் தோட்டத்துப் பூச்சியைப் பிடித்து ஊட்டும் ஆசை அப்பிள்ளைகளுக்கு எழுவது இயல்பே. அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில: மருந்து தெளியாத புல்வெளி என்று திண்ணமாக அறிந்த இடத்திலேயே பிடியுங்கள். பெயர் தெரியாத பூச்சியை ஊட்டாதீர்கள். பளிச்சென்ற நிறமுடையவற்றையும் மின்மினியையும் கொட்டும் குளவியையும் மயிர்க்கொட்டியையும் விலக்குங்கள். தெருவிளக்கின் கீழ் விழுந்து கிடப்பனவற்றையும், தானே தளர்ந்து கிடப்பனவற்றையும் தொடாதீர்கள். காட்டுப் பூச்சியோடு குடற்புழுவின் முட்டையும் வந்து சேரும் என்பதை மறவாதீர்கள். பச்சோந்தியின் தலையினும் பெரிய இரையைக் கொடாதீர்கள். உண்ணாது எஞ்சிய பூச்சியைக் கூட்டில் இரவு முழுவதும் விட்டுவைக்காதீர்கள். பசித்த சுவர்க்கோழி துயிலும் பச்சோந்தியையே கடிக்கும்.

நம் நாட்டில் வேறு நியதி

நம் நாட்டிலோ செய்தி வேறு. இங்கே பச்சோந்தி கடைச்சரக்கன்று, வேலியிலிருந்து பிடிக்கப்படுவது. முன்னர்க் குறித்த 1937-ஆம் ஆண்டிலேயே வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்ட அச்சட்டம், 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு மேலும் இறுக்கமாயிற்று. பச்சோந்தியைப் பிடித்தலும் அடைத்து வைத்தலும் விற்றலும் குற்றம். தமிழகத்திலும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கின்றது. நாடுவிட்டு நாடு கடத்துதலை 1975-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை கட்டுப்படுத்துகின்றது. ஆகவே, "இதற்கு எந்தப் பூச்சியைக் கொடுக்கலாம், ஐயா?" என்று நம் மாணவன் கேட்டால், ஆசிரியர் சொல்லத்தக்க விடை ஒன்றே: "பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடு, அது தானே தேடிக்கொள்ளும்."

கொல்லாமையை ஓதும் நம் வீடுகளில் வேறொரு வினாவும் எழுவதுண்டு. பூச்சியைத் தின்னும் உயிரைப் போற்றுதல் பூச்சிக் கொலைக்கு உடன்படுதல் ஆகாதோ என்பர். கொம்பிலிருக்கும் பச்சோந்தி தன் பசிக்கு வேண்டிய அளவே கொள்ளும். அது இயற்கையின் நியதி. அதனைப் பெட்டியில் அடைத்த கணமே அவ்வேட்டையை நாம் ஏற்கின்றோம். நாளும் பூச்சியின் காலை ஒடித்துப் போத்தலில் இடும் சிறுவனின் கையில், கண்ணோட்டம் சிறிது சிறிதாகத் தேய்கின்றது. பச்சோந்தியை வளர்க்கப் புகுந்தவன் இறுதியில் தன் கொடுமையை வளர்க்கின்றான்.

வேலியும் மருந்தும்

இத்துணையும் கூறியபின் ஒன்றை மறைத்தல் அறமாகாது. பெட்டியில் இறந்த பச்சோந்திக்கு ஊட்டப்பட்ட நஞ்சு, வேலியில் உலவும் பச்சோந்திக்கும் ஊட்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றது, ஊட்டுவோர் நாமே. செம்மண் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்து வாழும் மக்கள் நாம். மருந்தின்றி விளைச்சலில்லை என்னும் நிலைக்கு வந்துவிட்டோம். அமெரிக்கப் பேரறிஞை இரேச்சல் கார்சன் 1962-ஆம் ஆண்டில் எழுதிய நூல், பூச்சிக்கு இட்ட நஞ்சு பறவையின் முட்டை வரை செல்வதை உலகுக்கு உணர்த்தியது. நம் நாட்டிலும் 1980-ஆம் ஆண்டிற் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1995-ஆம் ஆண்டில் மொனோகுரோட்டோபொசு, 1998-ஆம் ஆண்டில் எண்டோசல்பான் என்னும் கொடிய மருந்துகள் தடைசெய்யப்பட்டன. சட்டம் தன் கடமையைச் செய்தது. அளவுக்கு மிஞ்சித் தெளியாமையும், பூக்கும் பருவத்தில் தெளியாமையும், வேலியோரத்தைத் தவிர்த்துத் தெளித்தலும் உழவர்தம் கையிலுள்ளன.

வேலியும் மாறிவிட்டது. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் ஆடாதோடையும் அடர்ந்து நின்ற உயிர்வேலிகள் யாழ்ப்பாணத்தின் தனி அடையாளம். அவை நம் காணிக்கு எல்லையாகவும், ஆட்டுக்குக் குழையாகவும், வயலுக்குப் பசளையாகவும் உதவின. பச்சோந்திக்கோ அவையே ஊரும் நாடும் நெடுஞ்சாலையும். போரும் இடப்பெயர்வும் கடந்து மீண்டவர்கள் பாதுகாப்பை நாடி மதில் எழுப்பினர். அவர்களைக் குறைகூறல் தகாது. ஆயினும் ஒன்று நினைவிற்குரியது. மதிலின்மேற் பூச்சியில்லை, பூச்சியில்லாத இடத்திற் பச்சோந்தியில்லை. ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்னும் பழமொழியை ஏளனமாகவே வழங்கிவந்தோம். இனி அதனை உண்மையாகவே கொள்ளலாம். வேலியில் ஓந்தி உலவுமாயின் அவ்வேலி உயிரோடு உள்ளது. அங்கே பூச்சி உண்டு, பூச்சிக்குத் தழை உண்டு, தழையில் நஞ்சு குறைவு என்று பொருள்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவர் கையிற் பெட்டியைக் கொடாது குறிப்பேட்டைக் கொடுங்கள். மாரி ஓய்ந்த காலை வேளையில் வேலியோரம் அழைத்துச் செல்லுங்கள். பச்சோந்தியைக் கண்டால் நான்கு முழம் தள்ளி நின்று, அது எத்தனை நேரத்துக்கு ஒருமுறை நா நீட்டுகின்றது, எந்தப் பூச்சியைக் கொள்கின்றது, எதனை விலக்குகின்றது என்று எழுதச் செய்யுங்கள். அஃது எருக்கம்பூச்சியைக் கண்டு என்ன செய்கின்றது என்று பார்க்கச் சொல்லுங்கள். அவ்வாறு ஒரு மாதம் எழுதப்படும் ஏடு, நம் ஊர்ப் பச்சோந்தியைப்பற்றி நம் தமிழில் எழுந்த நூலாகும். அள்ளூர் நன்முல்லையார் கண்டதுபோல நம் பிள்ளைகளும் காணட்டும். கண்டபின் அதன் பெயரை வசையாக வழங்க அவர்களுக்கு நா எழாது.